ஸ்கேன் கோப்புறைக்கு வரவில்லை, ஃபேக்ஸ் போனதா என்றும் தெரியவில்லை: ஹைலாஃபேக்ஸ் அறிவிப்பு மின்னஞ்சல் நின்றுபோன சிக்கல்

சிறுவாணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு சிறிய மருத்துவப் பில்லிங் அலுவலகத்தின் கணினிகளையும் வலையமைப்பையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்க மருத்துவர்களுக்காக இரவில் வேலை செய்கிறோம். அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் அறுவை சிகிச்சைக்கான முன் அனுமதிப் படிவங்களை இன்றும் ஃபேக்ஸில் வாங்குகின்றன. அதனால் எங்களுக்கு ஃபேக்ஸ் சர்வர்தான் அன்றாடப் பிழைப்பு.

எங்கள் அமைப்பு இது: பிரிண்டர், ஸ்கேனர் இரண்டும் சேர்ந்த பெரிய இயந்திரம் ஒன்று. அதில் ஸ்கேன் செய்யும் பக்கங்கள் ஒரு விண்டோஸ் கணினியின் பகிர்ந்த கோப்புறையில் வந்து விழும். பணியாளர்கள் அவற்றை எடுத்து, தங்கள் கணினியில் உள்ள யாஜ்எச்எஃப்சி என்ற நிரல் மூலம், டெபியன் லினக்ஸ் சர்வரில் ஓடும் ஹைலாஃபேக்ஸ் என்ற ஃபேக்ஸ் மென்பொருளுக்கு அனுப்புவார்கள். அங்கே இரண்டு ஐஏஎக்ஸ்மோடம் (மென்பொருளாலான ஃபேக்ஸ் மோடம்), பிறகு ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள், பிறகு இணையவழித் தொலைபேசி நிறுவனத்தின் தடம்.

இரண்டு வாரத்துக்கு முன் கணினிகளை எல்லாம் புதிதாக மாற்றினோம். அன்றிலிருந்து இரண்டு தொல்லைகள். ஸ்கேன் செய்தால் இயந்திரத்தின் திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று வருகிறது. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொருவருக்கும் வரும் அறிவிப்பு மின்னஞ்சல் நின்றுவிட்டது. முதல் தொல்லையை யுஎஸ்பி பென் டிரைவால் சமாளித்தோம். இரண்டாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்னஞ்சல் வராவிட்டால் என்ன, ஃபேக்ஸ் போய்க்கொண்டுதானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

போகவில்லை. ஒரு முன் அனுமதிப் படிவம் சேராமலே நான்கு நாள் கிடந்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள், முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு மூதாட்டியின் தேதி தள்ளிப்போய்விட்டது. அந்த அழைப்பை எடுத்தது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். அவள் அழுததைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அவள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள். தவறு என் பொறுப்பில் உள்ள இடத்தில் எங்கோ இருக்கிறது. எங்கே தேடுவது?

---

கொல்லிமலை

தம்பி, முதலில் இரண்டு சிக்கலையும் பிரித்து வையுங்கள். ஒரே நாளில் தொடங்கியதால் ஒரே காரணம் என்று நினைக்காதீர்கள். ஸ்கேன் கோப்புறைக்கும் ஃபேக்ஸ் அறிவிப்புக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கணினிகள் மாறின.

ஃபேக்ஸ் பக்கம்: அறிவிப்பு அனுப்புவது ஹைலாஃபேக்ஸின் 'நோட்டிஃபை' என்ற நிரல். ஒரு வேலை முடிந்தாலோ தோற்றாலோ அது சர்வரிலேயே உள்ள அஞ்சல் மென்பொருளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பது அதன் கவலை இல்லை. ஆகவே மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். அஞ்சல் வரிசையில் ஏதாவது தேங்கி நிற்கிறதா? சர்வரில் 'ஃபேக்ஸ்மாஸ்டர்' என்ற மாற்றுப்பெயர் யாருக்குப் போகிறது? அந்தப் படிவத்தின் வேலை எண் என்ன, அதற்கான அழைப்புப் பதிவுக் கோப்பில் கடைசி வரி என்ன?

அழைப்புப் பதிவுகள் ஹைலாஃபேக்ஸ் அடைவுக்குள் 'லாக்' என்ற அடைவில் இருக்கும். சி என்ற எழுத்தும் ஒன்பது இலக்கங்களும் கொண்ட பெயர்கள். பயப்படாமல் திறந்து படியுங்கள்.

---

வேப்பமரம்

ஸ்கேன் சிக்கல் எளிது. விண்டோஸில் எஸ்எம்பி 1, அதாவது கோப்புறையைப் பகிரும் பழைய நெறிமுறை, அணைந்திருக்கும். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் அதை இயக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். எங்கள் கடையில் ஐந்து நிமிடத்தில் சரியானது.

---

முல்லைக்கொடி

வேப்பமரம் அவர்களே, உங்கள் உதவும் எண்ணம் புரிகிறது. ஆனாலும் இந்த ஆலோசனையை நான் கடுமையாக மறுக்கிறேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது எஸ்எம்பி 1 நெறிமுறையைக் கையாளும் நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, பலர் போடவில்லை என்பது வேறு கதை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 சர்வர் பகுதி இயல்பாகவே இருப்பதில்லை. நோயாளிகளின் படிவங்கள் குவிந்து கிடக்கும் கணினியில் அதை மறுபடி திறந்துவிடுவது எந்த வகையிலும் சரியாகாது.

சிறுவாணி, உங்கள் இயந்திரம் எஸ்எம்பி 2 தெரிந்ததாகவே இருக்கலாம். இன்னும் எளிய காரணங்கள் உண்டு. புதிய கணினி விண்டோஸ் 11 என்றால் எந்தப் பதிப்பு? 24எச்2 புரொஃபஷனல் என்றால் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன: எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவுக்கு இடமில்லை. பழைய கணினியில் 'எல்லோருக்கும்' என்று திறந்துவைத்துக் கடவுச்சொல் இல்லாமல் ஓட்டியிருந்தால் அது இனிமேல் நடக்காது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் என்.டி.எல்.எம். நெறிமுறையின் முதல் பதிப்பையும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இயந்திரத்தின் அமைப்புப் பக்கத்தில் இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அதோடு ஒரு கேள்வி. இயந்திரத்தின் முகவரிப் புத்தகத்தில் கடவுச்சொல் என்ற இடத்தில் எதைத் தட்டினீர்கள்?

---

சிறுவாணி

முல்லைக்கொடி அக்கா, அந்தக் கடைசிக் கேள்வி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. புதிய கணினியில் நுழைய நாங்கள் நான்கு இலக்கப் பின் எண் வைத்திருக்கிறோம். அதைத்தான் கொடுத்திருந்தேன்.

---

முல்லைக்கொடி

அதுதான். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். வலையமைப்பு வழியாக வருபவருக்குச் செல்லாது. ஸ்கேனருக்கென்று தனியாக ஓர் உள்ளூர்ப் பயனரை உருவாக்குங்கள். நல்ல நீளமான கடவுச்சொல் வையுங்கள். அந்த ஒரு கோப்புறையில் எழுதும் உரிமையை மட்டும் கொடுங்கள். பணியாளர் எவருடைய கணக்கையும் இயந்திரத்துக்குள் பதித்துவைக்காதீர்கள்.

நான் பட்ட ஓர் அனுபவத்தையும் சொல்கிறேன். கட்டளைவரியில் 'நெட் யூசர்' கொண்டு உருவாக்கும் கணக்கின் கடவுச்சொல், இயல்பான கொள்கைப்படி 42 நாளில் காலாவதியாகும். நாற்பத்து மூன்றாம் நாள் காலை ஸ்கேன் நின்றுவிடும். யாரும் எதையும் தொடவில்லையே என்று எல்லோரும் விழிப்பார்கள். நான் அப்படி ஒரு சனிக்கிழமை முழுவதும் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். 'கடவுச்சொல் காலாவதியாகாது' என்பதை அந்தக் கணக்குக்கு மட்டும் குறித்துவையுங்கள்.

கணினியின் வலையமைப்பு 'பொது' என்று இருந்தால் 'தனியார்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் 445 போர்ட்டை விண்டோஸ் தடுப்புச் சுவரே மறித்துவிடும். கணினியின் ஐபி முகவரியை ரூட்டரில் நிலையாக ஒதுக்குங்கள். இயந்திரத்தின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள்; தேதி தவறாக இருந்தால் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் செய்யும்போது சான்றிதழ் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

---

சிறுவாணி

ஸ்கேன் வேலை செய்கிறது! தனிப் பயனர், நீளமான கடவுச்சொல், என்.டி.எல்.எம். இரண்டாம் பதிப்பு. எஸ்எம்பி 1 பக்கமே போகவில்லை. நன்றி அக்கா.

இனி ஃபேக்ஸ். கொல்லிமலை ஐயா கேட்டபடி பார்த்தேன். அஞ்சல் வரிசை காலி. 'ஃபேக்ஸ்மாஸ்டர்' மாற்றுப்பெயர் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குப் போகிறது. ரூட்டின் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். சர்வர் நிறுவிய நாளிலிருந்து அதை நான் திறந்ததே இல்லை.

312 கடிதங்கள். எல்லாம் அறிவிப்புகள்தான். ஒவ்வொன்றும் பணியாளரின் பயனர் பெயரும் அவருடைய கணினிப் பெயரும் சேர்ந்த முகவரிக்கு அனுப்பப்பட்டு, அப்படி ஒரு களமே இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. பழைய கணினிகளில் யாஜ்எச்எஃப்சி அமைப்பில் மின்னஞ்சல் முகவரிக்கான கட்டத்தில் ஒவ்வொருவரின் அலுவலக முகவரியையும் நிரப்பியிருந்தேன். புதியவற்றில் நிரப்ப மறந்துவிட்டேன். சர்வர் தன் கடமையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்தப் படிவத்தின் கடிதமும் அதில் இருந்தது. தோல்விக்கான காரணம் 'கில் டைம் எக்ஸ்பயர்டு'. அதற்கு முந்தைய முயற்சிகள் எல்லாம் 'எதிர்முனை பிஸி'. இதற்கு என்ன பொருள்?

---

கொல்லிமலை

பொருள் இதுதான்: ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆயுள் உண்டு. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஹைலாஃபேக்ஸில் அது மூன்று மணி நேரம். எதிர்முனை எண் அந்த மூன்று மணி நேரமும் பிஸியாகவே இருந்தால், சர்வர் அந்த வேலையைக் கைவிட்டுவிட்டு அறிவிப்பு அனுப்பும். காப்பீட்டு நிறுவனங்களின் எண்களில் மதியத்துக்கு மேல் இது நடக்கக்கூடியதுதான். ஆயுளை ஒரு நாளாக நீட்டுங்கள்.

முகவரிக் கட்டத்தை எல்லாக் கணினியிலும் நிரப்புங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த முறை புதிய ஆள் வருவார், புதிய கணினி வரும், யாரோ மறப்பார்கள். சர்வரில் 'எட்சி' அடைவில் 'ஃபேக்ஸ்நோட்டிஃபை' என்ற கோப்பை வைத்தால் நோட்டிஃபை நிரல் அதையும் படிக்கும். அறிவிப்பின் போக்கை அங்கே மாற்றலாம். உள்ளே வரும் ஃபேக்ஸ்களுக்கு 'ஃபேக்ஸ்டிஸ்பாட்ச்' என்ற கோப்பு இதே வேலையைச் செய்கிறது. ஃபேக்ஸ்மாஸ்டருக்கு வருபவை ரூட் பெட்டிக்குள் விழாமல், மனிதர்கள் படிக்கும் ஒரு குழு முகவரிக்குப் போகட்டும்.

சரி, 312 கடிதங்களில் தோல்விகள் மட்டும் எத்தனை? காரணங்களைத் தொகுத்துச் சொல்லுங்கள்.

---

சிறுவாணி

41 தோல்விகள். அவற்றில் 9 பிஸி அல்லது பதிலில்லை. மீதி 32 வேறு வகை. 'தொலைமுனை மோடத்தைப் பயிற்றுவிக்க இயலவில்லை' என்பது சில. 'பக்க முடிவுக்கு மூன்று முறை கேட்டும் பதிலில்லை' என்பது பல. ஒரு பதிவைத் திறந்து பார்த்தேன். நொடிக்கு 14400 பிட் வேகத்தில் சோதனைச் சமிக்ஞை அனுப்பியதும் எஃப்டிடி (பயிற்சி தோல்வி) வந்தது. 12000இலும் எஃப்டிடி. 9600இல் சிஎஃப்ஆர் (பெறத் தயார்). முதல் பக்கத்துக்கு எம்சிஎஃப் (பக்கம் கிடைத்தது). இரண்டாம் பக்கத்துக்கு எம்சிஎஃப். மூன்றாம் பக்கத்தில் பிபிஆர் (கெட்ட துண்டுகளைத் திருப்பி அனுப்பு) நான்கு முறை. பிறகு நிசப்தம்.

இந்த வேலைகளை எல்லாம் நேற்றிரவே மறுபடி அனுப்பினோம். முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

---

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் காப்பீட்டு முகவர் அலுவலகத்திலும் இணையவழித் தொலைபேசியில் ஃபேக்ஸ் ஓட்டினோம். பிழை திருத்த முறையை, அதாவது இ.சி.எம்.ஐ, அணைத்துவிடுங்கள். வேகத்தை 9600க்குக் குறையுங்கள். எங்களுக்குத் தோல்விகள் பாதியாகக் குறைந்தன.

---

கொல்லிமலை

வேகத்தைக் குறைப்பதை ஏற்கிறேன். இ.சி.எம்.ஐ அணைப்பதை ஏற்க மாட்டேன். காரணத்தை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஆலோசனையை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இணையவழித் தொலைபேசியில் வழக்கமான ஜி.711 முறையில் குரல் 20 மில்லி நொடித் துண்டுகளாகப் பாக்கெட்டில் போகிறது. பேசும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் காது அதைக் கவனிக்காது. ஃபேக்ஸில் 14400 வேகத்தில் அந்த 20 மில்லி நொடிக்குள் 288 பிட்டுகள் இருக்கின்றன. அவை போனால் பக்கத்தின் சில கோடுகள் போய்விடும். இ.சி.எம். இருந்தால் எதிர்முனை 'இன்னின்ன துண்டுகள் கெட்டன, திருப்பி அனுப்பு' என்று கேட்கும். சிறுவாணி பார்த்த பிபிஆர் அதுதான். இ.சி.எம். இல்லாவிட்டால் எதிர்முனை கெட்ட கோடுகளை எண்ணிப் பார்த்து, 'பொறுத்துக்கொள்ளலாம்' என்று நினைத்தால் எம்சிஎஃப் கொடுத்துவிடும். உங்கள் அறிவிப்பில் 'வெற்றி' என்று வரும்.

தோல்விகள் பாதியாகக் குறைந்தன என்கிறீர்கள், கிள்ளான்வாசி. அவற்றில் எத்தனை பக்கங்கள் கோடு விழுந்து போயின என்று உங்களால் சொல்ல முடியுமா? ஒரு மருந்தளவில் 50 என்பதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் என்ன ஆகும்? மருத்துவப் படிவத்துக்கு, சேராத பக்கத்தைவிடச் சிதைந்து சேர்ந்த பக்கம் ஆபத்தானது. சேராததை மறுபடி அனுப்பலாம். சிதைந்ததைச் சிதைந்தது என்றே யாரும் அறிய மாட்டார்கள்.

---

கிள்ளான்வாசி

ஐயா, இப்படி நான் யோசித்ததில்லை. நாங்கள் எண்ணியது தோல்விகளை மட்டுமே. இன்று மாலை எங்கள் கிளை அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய பக்கங்கள் எப்படி வந்திருக்கின்றன என்று தாள்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

---

யாழ்வலை

சிறுவாணி அண்ணா, நோயின் வேரைப் பார்ப்போம். உங்கள் தொலைபேசி நிறுவனம் டி.38 தருகிறதா? ஃபேக்ஸை ஒலியாக அனுப்பாமல் தரவாகவே கொண்டுபோகும் நெறிமுறை அது. 1998 முதல் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டுகளின் நகலையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் ஒன்று தொலைந்தாலும் பக்கம் பிழைக்கும். ஐஏஎக்ஸ்மோடத்துக்கு டி.38 தெரியாது. ஆனால் ஆஸ்டரிஸ்க் 10 முதல் நடுவில் நின்று ஒலியை டி.38ஆக மாற்றித் தரும் வசதி உண்டு. ஐஏஎக்ஸ்மோடமும் ஆஸ்டரிஸ்க்கும் ஒரே சர்வரில் இருப்பதால் அந்தச் சிறு தூரத்தில் பாக்கெட் தொலையாது. கடல் தாண்டும் தூரத்தை டி.38 பார்த்துக்கொள்ளும்.

---

சிறுவாணி

நிறுவனம் தருகிறது. இயக்கினேன். நிலைமை இன்னும் மோசம்! எல்லா அழைப்பும் இணைகிறது, டி.38க்கு மாறுவதாக இருமுனையும் ஒப்புக்கொள்கிறது, பிறகு எதுவும் நடக்காமல் துண்டிக்கிறது.

---

யாழ்வலை

தடுப்புச் சுவரில் எந்தப் போர்ட்டுகளைத் திறந்திருக்கிறீர்கள்?

---

சிறுவாணி

குரலுக்கு வழக்கமாக வைப்பது: யுடிபி 10000 முதல் 20000 வரை.

---

யாழ்வலை

அங்கேதான் இருக்கிறது. குரல் போகும் வழி வேறு, டி.38 போகும் வழி வேறு. ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி அமைப்பில் டி.38க்கு யுடிபி 4000 முதல் 4999 வரை ஒதுக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்காவிட்டால் இருமுனையும் கைகுலுக்கிவிட்டு ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்காமல் நிற்கும். நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் அந்த வரிசையைத் திறந்துவிடுங்கள். உலகத்துக்கே திறக்க வேண்டாம்.

---

சிறுவாணி

திறந்தேன். 22 பக்க மருத்துவக் குறிப்பு ஒன்று முதல் முயற்சியிலேயே போனது. பதிவுக் கோப்பில் 22 எம்சிஎஃப்களையும் விரல் வைத்து எண்ணினேன். யாழ்வலைத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது!

---

முல்லைக்கொடி

மிக்க மகிழ்ச்சி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இந்த இழையை விட மனமில்லை.

எம்சிஎஃப் என்பது எதிர்முனை இயந்திரம் 'பக்கத்தை வாங்கிக்கொண்டேன்' என்று சொல்வது. இயந்திரம் என்று சொன்னாலும் இப்போது பல இடங்களில் அது ஒரு சேவை நிறுவனத்தின் சர்வர். அது வாங்கி, மின்னஞ்சலாக மாற்றி, மருத்துவமனைக்கு அனுப்பும். அங்கே அஞ்சல் பெட்டி நிரம்பியிருந்தால்? பழைய இயந்திரமாக இருந்து தாள் தீர்ந்திருந்தால் நினைவகத்தில் கிடக்கும். உங்கள் 'வெற்றி' அந்த வாசல் வரைதான் செல்லும். ஆகவே தேதி நெருங்கிய படிவங்களுக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யும் வழக்கத்தை மென்பொருள் சரியாகிவிட்டது என்று கைவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கு நேர்ந்த துன்பத்தின் காரணம், மின்னஞ்சல் வராததை எல்லோரும் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டதுதான். தோல்வி இருந்தால் மட்டும் பேசும் அறிவிப்பு இறந்துபோனால் யாருக்கும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் தோல்வி பூச்சியமாக இருந்தாலும் 'இன்று பூச்சியம்' என்று ஒரு தாள் அச்சாக வேண்டும். தாள் வராத நாள், ஏதோ கெட்டிருக்கிறது என்று காவலாளிக்குக்கூடத் தெரியும்.

ஹைலாஃபேக்ஸின் எக்ஸ்ஃபர்ஃபேக்ஸ்லாக் கோப்பில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி இருக்கிறது. காரணத்துக்கான புலம் காலியாக இருந்தால் வெற்றி, எழுத்து இருந்தால் தோல்வி. சிறிய நிரல் போதும்.

---

கொல்லிமலை

முழுமையாக ஆமோதிக்கிறேன். அந்தத் தாள் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதையும் யோசியுங்கள். வேலை முடியும் அதிகாலையில் வந்தால் அங்கே அலுவலகங்கள் மூடியிருக்கும். படித்து வருத்தப்பட மட்டுமே முடியும்.

---

சிறுவாணி

கடைசியாக ஒரு பதிவு. தாள் நம் நேரம் நள்ளிரவு 12.30க்கு அச்சாகும்படி வைத்தேன். இப்போது கோடைக்கால நேரம் என்பதால் நியூயார்க்கில் அப்போது பிற்பகல் 3 மணி. மறுபடி அனுப்பவும் கூப்பிட்டுக் கேட்கவும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. நவம்பரில் அங்கே கடிகாரம் மாறும்போது நானும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும், நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

ஒரே ஒரு காப்பீட்டு எண் மட்டும் டி.38க்கு மாற மறுக்கிறது. அதற்கு வேகம் 9600, இ.சி.எம். இயக்கம், ஐந்து ஐந்து பக்கமாகப் பிரித்து அனுப்புதல் என்று வைத்திருக்கிறேன். யாருக்காவது இதைவிட நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள்.

நேற்றிரவின் தாளில் 64 வேலைகள், 2 தோல்விகள், இரண்டும் பிஸி. அந்தப் புதிய பெண்தான் பிரிண்டரிலிருந்து தாளை எடுத்தாள். இரண்டையும் மறுபடி அனுப்பினாள். போனதும் தொலைபேசியை எடுத்து எதிர்முனையில் எத்தனை பக்கம் வந்தது என்று கேட்டாள். ஏழு என்றார்கள். தாளின் ஓரத்தில் 7 என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்துக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தாள்.